அப்பாவின் கணக்குகளும் வீட்டுக் கடனும்: இரண்டரை வருட அனுபவம்

அப்பா 2023 ஆகஸ்ட்டில் தவறினார். வயது 54. கோத்தகிரியில் ராத்திரி நெஞ்சுவலி, மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவர் பெயரில் இருந்தவை மூன்று வங்கிக் கணக்கு, ஒரு எஃப்டி (நிரந்தர வைப்பு), அரை ஏக்கர் தேயிலை, 2021 ஜனவரியில் வாங்கிய 15 லட்ச ரூபாய் வீட்டுக் கடன். ஒவ்வொன்றாக முடித்து வர இரண்டரை வருடம் ஆகிவிட்டது, ஒரு வேலை இன்னும் பாக்கி.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கணக்கைப் பற்றித்தான் யோசனை சொன்னார்கள். கடனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முதலில் கடனைத்தான் பாருங்கள் என்பேன். கணக்குக்கு நாமினி உண்டு. கடனுக்கு நாமினி கிடையாது.

நான் செய்த முதல் தப்பு, வரிசை. பெரிய காரியம் செய்யப் போவதுபோல இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் சேமிப்புக் கணக்கில் பதிவு செய்தேன். அன்றைக்கே கணக்கை முடக்கிவிட்டார்கள். அதுதான் முறை, குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்துதான் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. சேமிப்புக் கணக்கு மேசைக்கு அப்பா இறந்தது தெரியும், கடன் பிரிவுக்குத் தெரியாது. ஒரே வங்கிதான். செப்டம்பர் தவணை திரும்பியது. அக்டோபர் முதல் வாரம் அப்பாவின் போனுக்கு ஒரு அழைப்பு. அம்மாதான் எடுத்தார். "சார் இருக்காங்களா, லோன் விஷயமா பேசணும்." அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவன் திரையில் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

அந்தக் கடனில் கோ-அப்ளிகன்ட், அதாவது கூட்டுக் கடன்தாரர், நான். சம்பளச் சீட்டு வேண்டும் என்று அப்பா கையெழுத்து வாங்கியிருந்தார், அதோடு நான் மறந்தும் விட்டேன். கோ-அப்ளிகன்ட் என்றால் முழுக் கடனும் நம் தலையில்தான். வெறும் வாரிசாக இருந்தால், வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. மூன்று மாதத் தவணை நின்றுபோய் 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிவிடும், சிபில் மதிப்பெண் (கடன் வாங்கும் தகுதிக்கான புள்ளி) அடிபடுவது என் பெயரில். ஆகவே, இறப்பைப் பதிவு செய்கிற அன்றைக்கே தவணையை வேறு கணக்கில் மாற்றக் கடிதம் கொடுத்துவிடுங்கள், இரண்டு மேசைக்கும் தனித்தனியாக. எனக்குப் போட்ட அபராதக் கட்டணத்தை எழுத்தில் கேட்டதும் திருப்பிப் போட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரிக்குப் பலன் இருக்கிறது.

அடுத்தது இன்சூரன்ஸ். கடன் கொடுக்கும்போதே ஒரு காப்பீட்டைச் சேர்த்து, பிரீமியத்தையும் கடனோடு கூட்டியிருந்தார்கள். அப்பா அப்போது திட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் லேசில் வரவில்லை. பாலிசி எடுத்து மூன்று வருடம் முடிந்துவிட்டால் கம்பெனி எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. எங்களுக்கு முடிந்திருந்தது இரண்டு வருடம் ஏழு மாதம். எனவே தோண்டினார்கள். கோவை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் யாரோ "பிரஷர் உண்டு" என்று எழுதியிருந்தார்கள், எப்போதிலிருந்து என்று எழுதவில்லை. பாலிசிக்கு முன்னாலேயே இருந்து மறைத்தாரா என்று கேள்வி வந்தது.

அம்மா உள்ளே போய் பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் எல்லோரின் ஓ.பி. சீட்டும் (வெளிநோயாளி சீட்டு) அதில்தான் கிடக்கும். அப்பாயியின் (அப்பாவின் அம்மா) கண் ஆபரேஷன் சீட்டு, அக்காவின் பிரசவச் சீட்டு, அதற்கடியில் காபிக் கறை படிந்த ஒரு துண்டுச் சீட்டு: முதல் முறையாக பிரஷர் பார்த்தது, மாத்திரை எழுதியது, தேதி 2022 மார்ச். பாலிசிக்குப் பிறகு. அந்த ஒரு சீட்டின் நகல்தான் கிளெய்மை நகர்த்தியது. ஜனவரியில் பணம் வந்தது. ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குப்பை என்று அந்த டின்னை நானே இரண்டு தடவை வெளியே வைத்திருக்கிறேன்.

வந்த பணம் கடனை முழுசாக அடைக்கவில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாலிசியில் ஒரு அட்டவணை இருக்கும். கடன் வாங்கிய அன்றைய வட்டியில், எங்களுக்கு 6.9 சதவீதம், மாதாமாதம் அசல் எப்படிக் குறையும் என்று போட்டிருப்பார்கள். இறந்த மாதத்துக்கு நேராக என்ன தொகையோ அதுதான் வரும். நடுவில் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 4-இலிருந்து 6.5-க்கு ஏற்றிவிட்டது. எங்கள் வட்டி 9.4 ஆனது. தவணைத் தொகை மாறாததால் அப்பா கவனிக்கவில்லை, வருடங்கள்தான் நீண்டன. அட்டவணைப்படி பாக்கி 13 லட்சத்து 38 ஆயிரம். நிஜப் பாக்கி 13 லட்சத்து 66 ஆயிரம். இடைவெளியை நான் கட்டினேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி முடித்ததற்குக் கட்டணம் கிடையாது.

கணக்குகளுக்கு வருகிறேன். நாமினி இருந்த இரண்டு சேமிப்புக் கணக்கும் எஃப்டியும் இரண்டு வாரத்தில் அம்மா கைக்கு வந்தன. சான்றிதழ், பாஸ்புக், அம்மாவின் ஆதார், ஒரு படிவம், அவ்வளவுதான். எஃப்டியை முதிர்வுக்கு முன்னால் உடைத்தும் அபராத வட்டி பிடிக்கவில்லை, இறப்பில் அப்படித்தான். நாமினேஷனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். குறைத்த பத்து, அதைப் பற்றிக் குடும்பங்களில் இருக்கிற குழப்பத்துக்கு. "நாமினி அத்தைன்னா பணமும் அவங்களுக்குத்தானே?" என்று மாமா கேட்டார், அக்கா வீட்டுக்காரர். இல்லை. நாமினி வாங்கி வைத்துக்கொள்கிற ஆள், பணம் வாரிசுகளுடையது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காரியத்துக்கு முந்தைய நாள் அப்பாவின் ஏடிஎம் கார்டில் 20 ஆயிரம் எடுத்தேன். எல்லோரும் செய்வதுதான் என்றார்கள். மேலாளர் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டு என்னையே பார்த்தார். எல்லா வாரிசும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. செய்யாதீர்கள். ஆனால் சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து வையுங்கள், எஸ்எம்எஸ் வருவதற்காக. எஃப்டி ஒன்று இருப்பதே அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது கணக்கில் நாமினி இல்லை. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழுந்துப் பணம் வருகிற கணக்கு, 2 லட்சத்துச் சொச்சம் இருந்தது. இறப்பைச் சொன்னதும் அடுத்த மாதக் கொழுந்துப் பணம் தொழிற்சாலைக்கே திரும்பிப் போனது. இறந்தவர் பெயருக்கு வரும் பணத்தை அனுப்பியவருக்கே திருப்பலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வாரிசு சான்றிதழ் வந்த பிறகுதான் தொழிற்சாலையில் அம்மா பெயருக்கு மாற்றினார்கள், அதுவரை கொழுந்து பறித்த கூலியை நான் கையிலிருந்து கொடுத்தேன்.

வாரிசு சான்றிதழ் இ-சேவையில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தாண்டி தாசில்தாரிடம் போகும். இறந்தது கோவை என்பதால் இறப்புப் பதிவு கோவை மாநகராட்சியில், வாரிசு விசாரணை கோத்தகிரியில். ஆஸ்பத்திரியில் இனிஷியலை ஒன்று விட்டு எழுதிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்காக நான்கு முறை மலை இறங்கினேன். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும்போது ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும் என்பது வேறு விஷயம்.

வாரிசுகள் நான்கு பேர்: அம்மா, அக்கா, நான், அப்பாயி. அப்பாயியைச் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய்க்கும் மனைவி மக்களுக்குச் சமமான பங்கு. இலங்கையில் பிறந்து, அப்பாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி வந்தவர். அங்கேயும் இங்கேயும் சேர்த்து ஐம்பது வருடம் கொழுந்து பறித்த கை. கைரேகை இயந்திரம் அவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. கடைசியில் மை டப்பாவைத் திறந்தார்கள். மேலாளர், "பாட்டி, கொஞ்சம் அழுத்தி வைங்க" என்றார்.

"அழுத்த என்ன சாமி இருக்கு, ரேகையெல்லாம் கொழுந்தோட போயிருச்சு."

காகிதத்தில் விழுந்தது ஒரு நீல வட்டம், கோடே இல்லாமல். அதன் கீழே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். இழப்பீட்டுப் பத்திரம், இரண்டு ஜாமீன், ஆட்சேபனை இல்லைக் கடிதம் எல்லாம் சேர்ந்து அந்த 2 லட்சத்துக்கு ஏழு மாதம். இப்போது விதி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, எளிய முறையில் கொடுக்க வேண்டும். காகிதம் எல்லாம் சேர்ந்த பிறகு 15 நாளுக்குள். இதை அமல்படுத்த வங்கிகளுக்கு 2026 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

கடன் 2024 பிப்ரவரியில் முடிந்தது. பத்திரங்கள் 30 நாளில் வர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும், 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. 24ஆம் நாள் இதை எழுதிக் கொடுத்தேன், 29ஆம் நாள் பத்திரம் வந்தது. வாங்கும்போது கடன் கொடுத்த அன்று தந்த ஆவணப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு மூலப்பத்திரம் விட்டுப்போய், அதற்கு இன்னொரு வாரம். அதோடும் தீராது. அடமானத்தை ரத்து செய்யும் ரசீதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், இல்லையென்றால் வில்லங்கச் சான்றிதழில் கடன் அப்படியே நிற்கும். அதற்கு வங்கி அதிகாரி நேரில் வர வேண்டியிருந்தது. ஒரு தடவை மழையில் ரோட்டில் மண் சரிந்து அவர் வரவில்லை, ஒரு தடவை சர்வர் வரவில்லை.

பட்டா மாற்றம்தான் பாக்கி. அப்பாயி தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்கிறார். "எனக்கெதுக்கு வீடு, ஒரு மூலை போதும்."

2026 ஜனவரியில் அம்மாவின் கணக்குக்கு நாமினி போடப் போனோம். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதலாம். அம்மா எனக்கு 50, அக்காவுக்கு 50 என்று சொல்ல, நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாயி எட்டிப் பார்த்து, "என் பேரு எங்க?" என்றார். அவருக்கு 80 வயது. மேலாளர் சிரிக்காமல் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். 45, 45, 10 என்று எழுதினேன்.