மேற்பரப்பு உராய்வை அளக்க: மிதக்கும் தட்டா, பிரஸ்டன் குழாயா?
பாய்மம் ஒரு சுவரை உரசி ஓடும்போது அதை இழுக்கும் விசைதான் மேற்பரப்பு உராய்வு. மிதக்கும் தட்டில் அந்த விசையை நேரடியாகவே படிக்கிறோம்: சுவரில் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தராசில் நிறுத்தினால், பாய்மம் இழுப்பது தெரிந்துவிடும். தொல்லை, தட்டைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில். தட்டு ஒரு முடியளவு துருத்தினாலும் முன்விளிம்பில் மோதும் அழுத்தமும் உராய்வாகக் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் துருத்துவதைவிடச் சற்றே உள்ளே இறங்கியிருப்பது மேல்.

1954-இல் ஆய்வாளர் பிரஸ்டன் சொன்ன வழி ரொம்ப எளிது, சுவரை ஒட்டிப் படுக்கவைத்த பிட்டோ குழாய் (ஓட்டத்தை எதிர்நோக்கிய வாயில் அழுத்தத்தை அளக்கும் குழாய்), அவ்வளவுதான். வழவழப்பான சுவர், மிதமான அழுத்தச் சரிவு (ஓட்டத்தின் திசையில் அழுத்தம் மாறும் வீதம்) என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இது அளப்பது அழுத்தத்தை; சுவர் விதி (சுவரிலிருந்து விலக விலக வேகம் எப்படிக் கூடும் என்று சொல்வது) பொருந்தும் என்று நம்பித்தான் உராய்வாக மாற்றுகிறோம். ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும் இடத்தில் அந்த விதியே நிற்காது, அப்போதும் குழாய் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.