நாகர்கோவிலில் ஒரு நாள் பயிற்சி: மதியத்துக்கு மேல்தான் விஷயம்

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்கிற ஆட்களுக்காகவே ஒரு சின்னக் குழு இந்தப் பயிற்சியை நடத்துகிறது. சொந்தக் கதையை வைத்து ஊருக்காக எப்படிப் பேசுவது, அடுத்தவர் சொல்வதை எப்படிக் கேட்பது, அவ்வளவுதான் பாடம், கட்டணம் 300 ரூபாய். எங்கள் கடற்கரையில் தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டுகிற சுவர்) கேட்டு மனு கொடுத்து அலுத்துப்போய்த்தான் நான் போனேன்.

காலைப் பகுதி சுமார். கலிபோர்னியாவில் சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் 16 வருஷம் வேலை செய்து, அப்புறம் ஹார்வர்டில் பாடம் நடத்திய மார்ஷல் கான்ஸ் வகுத்த முறை: என் கதை, நம் கதை, இப்போது செய்ய வேண்டியது. விஷயம் நல்லதுதான், ஆனால் ஸ்லைடை அப்படியே வாசித்தால் தூக்கம்தான் வரும். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு எங்கள் பேச்சு பாதி புரியவில்லை, கேட்கக் கற்றுத்தர வந்தவர் என்பதால் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

மதியம் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கவும் கூடாது (நம்ம ஊரில் இதுதான் கஷ்டம்). முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மனு கொடுத்த தேதிகள், துறை, அரிப்பு எவ்வளவு என்று நான் அடுக்கினேன். தூத்தூர் பக்கத்து அக்கா திருப்பிச் சொன்னது, நான் நடுவில் சொல்லிப்போன ஒன்றே ஒன்று: ராத்திரி கடல் ஏறி வந்தபோது என் அம்மா அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு ஓடியது. அடுத்த மனுவில் அதை முதலில் எழுதி, கோரிக்கையை அதன் கீழே ஒரே வரியில் வைத்தேன். கல் இன்னும் விழவில்லை, ஆனால் அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "இப்ப அந்த வீடு இருக்கா?" என்று கேட்டார்.

அந்த அக்கா 2017 ஒக்கி புயலில் வீட்டுக்காரரை இழந்தவர். "கேமராவோட வந்தவங்ககிட்ட எல்லாம் அழுதாச்சு, இனி எதைச் சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றார். அடுத்தவர் கதையை அனுமதி கேட்காமல் மேடையில் எடுத்துப் பேசக் கூடாது என்று பயிற்சியாளர் அதையே ஒரு விதியாகப் பலகையில் எழுதினார். அந்த இடத்தில் அவருக்கு முழு மதிப்பெண்.

சாப்பாடு தாமதம், மைக் சரியில்லை. நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ சாயங்காலமாக வையுங்கள், காலையில் ஆரம்பித்தால் மீன் விற்கப் போகிற பெண்கள் யாரும் வர முடியாது.