லாரித் தண்ணீர்: ஓராண்டு வாங்கிய அனுபவம்

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது நகரத்தோடு சேர்ந்த திருப்பரங்குன்றம் பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. தெருவுக்கு இன்னும் குடிநீர்க் குழாய் வராததால், தனியார் லாரி ஒன்றிடம் 6,000 லிட்டர் லோடு ரூ.900 வீதம் ஓராண்டாகத் தண்ணீர் வாங்கி வருகிறோம்.

நேரத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. மாலையில் போன் செய்தால், சித்திரை வெயிலில் தெருவே தண்ணீருக்குக் காத்திருந்த நாட்களிலும், மறுநாள் காலை ஏழு மணிக்குள் லாரி வாசலில் நிற்கும். ஓட்டுநர் ஓஸ் பைப்பின் முனையைத் தரையில் படவிடாமல் தோளில் சுமந்து வந்து, கழுவிய பிறகே தொட்டிக்குள் இறக்குவார். சொல்லாமலே செய்யும் இந்தச் சுத்தம் எனக்கு மிகவும் பிடித்தது.

அளவுதான் உறுத்தியது. எங்கள் தரைத்தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் கொண்டது என்பதால், 6,000 லிட்டர் இறங்கினால் நீர்மட்டம் சரியாக ஒரு மீட்டர் உயர வேண்டும். சந்தேகத்தில் ஒருநாள் மூங்கில் குச்சியில் கோடு போட்டு அளந்தபோது 85 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது; அதாவது 900 லிட்டர் குறைவு. மாதம் நான்கு லோடு வாங்கும் வீட்டுக்கு இது அரை லோடுக்கும் மேல். உரிமையாளரிடம் குச்சியைக் காட்டிப் பேசினேன். அவர் மறுக்கவில்லை, அடுத்த லோடில் 98 சென்டிமீட்டர் ஏறியது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் குச்சி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் உப்புத்தான். கரைந்த உப்புகளை அளக்கும் கருவி 1,100 காட்டியது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை என்றும் சொல்கிறது. துவைக்க, குளிக்கப் போதும். சோப்பு நுரைக்கச் சோம்பும், பருப்பு வேக நேரமாகும். சமையலுக்கு நல்ல தண்ணீர் தனியாகத்தான் வாங்குகிறோம்.

எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தது என்பதை இவர்கள் ரசீதில் எழுத வேண்டும். ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் நாள் முழுவதும் உறிஞ்சினால் அந்தக் கிராமத்துக் கிணறுகள்தான் முதலில் வற்றும். தென்கால் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எங்கள் தெருக் கிணறுகள் ஊறுவதையும், நாங்கள் வாங்கும் லோடுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைவதையும் கண்ணால் பார்த்தவள் என்பதால் இதைக் கேட்கிறேன். முல்லைப் பெரியாற்று நீரைத் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்தின் குழாய் எங்கள் வாசலுக்கு வரும்வரை இவர்களிடமே வாங்குவேன், குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு.