ஜிம்னிக்குப் பெரிய டயர்: முதலில் டயர், கடைசியில்தான் லிஃப்ட்

திருவொற்றியூரில் ஜிம்னி (மாருதியின் சின்ன 4x4 ஜீப்) வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் லிஃப்ட்?" அதாவது, உயரமான ஸ்பிரிங் போட்டு பாடியை எவ்வளவு தூக்கியிருக்கிறேன் என்று. டயர் என்ன சைஸ் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வண்டி 2023 ஜீட்டா வேரியன்ட், மேனுவல் கியர். கம்பெனி கொடுத்தது 195/80 ஆர்15 டயரும் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் விட்டம் 15 இன்ச்) 5.5 இன்ச் அகல இரும்பு ரிம்மும். முதலில் அதே ரிம்மில் 215/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் (தார், மண் இரண்டுக்கும் ஆன) டயர் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். அதற்கு அப்புறம்தான் 235/75 ஆர்15, ஆறு இன்ச் ரிம், 50 மி.மீ. லிஃப்ட். இரண்டுமே எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மீஞ்சூர், பழவேற்காடு என்று ஒரே ரோடுகளைப் பார்த்தவை. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்காது. ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் சாலிட் ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. அதில் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) தரைக்கு மிகக் கிட்டே இருக்கிறது. எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டும்தான், அதிலும் பாதி. கணக்கு போட்டால் 195/80-இன் விட்டம் 693 மி.மீ., 215/75-இன் விட்டம் 703, 235/75-இன் விட்டம் 733. ஆக, 215-க்குப் போனால் கிரவுண்ட் கிளியரன்ஸ் 5 மி.மீ. கூடும், 235-க்குப் போனால் 20 மி.மீ. கம்பெனிக் கணக்கான 210 மி.மீ.யோடு இதைத்தான் கூட்ட வேண்டும். லிஃப்ட் தருவது, அந்தப் பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் ஏறி இறங்க இடம். அவ்வளவுதான்.

அப்படியென்றால் வெறும் 5 மி.மீ.க்கு 215 எதற்கு? உயரத்துக்காக இல்லை, அகலத்துக்காக. கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நின்று நகரும் இடங்களில் தார் நசுங்கி இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். பழைய ஒல்லி டயர் அந்தப் பள்ளத்தில் விழுந்து அதன் போக்கிலேயே போகும், பைக்காரன் பக்கத்தில் வரும்போது வயிறு கலங்கும். 215 போட்டதும் அந்த இழுப்பு நன்றாகக் குறைந்தது. கம்பெனி ரிம்மிலேயே உட்கார்ந்தது, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாலும் எங்கும் உரசவில்லை, லிஃப்டும் தேவைப்படவில்லை. தினசரி ஓட்டத்துக்கு இதைவிட நல்ல செலவு இந்த வண்டிக்கு நான் செய்ததில்லை.

235 அப்படி இல்லை. அந்த டயருக்குக் குறைந்தது ஆறு இன்ச் ரிம் வேண்டும், 5.5-இல் போட்டால் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு நிற்கும். புது ரிம் தேடும்போது பார்க்க வேண்டியவை: 5x139.7 பிசிடி (139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட் ஓட்டை), நடு ஓட்டை 108 மி.மீ., அப்புறம் ஆஃப்செட் (ரிம் மாட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது). கடைகளில் கண்ணைப் பறிப்பது நெகட்டிவ் ஆஃப்செட் ரிம்தான், டயர் நன்றாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போட்டோவுக்கு அழகுதான். ஆனால் வீல் பேரிங்கில் பாரம் கூடும், மழையில் சேறு முழுக்கக் கதவில் அடிக்கும், ஒடிக்கும்போது டயரின் முன் ஓரம் பெரிய வட்டம் போட்டு பம்பர் மூலையில் மோதும். கம்பெனி ஆஃப்செட்டான 5-க்கு முடிந்தவரை பக்கத்தில் இருப்பதையே எடுத்தேன்.

அலாய் வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். எங்கள் பக்கத்துக் குழிகளில் இரும்பு ரிம் வளையும், பஞ்சர் கடையிலேயே தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்கள். அலாய் விரிசல் விட்டால் அவ்வளவுதான், வெல்டிங் வைத்து ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. இரும்புக்கு ஒரு வியாதி உண்டு, கடல் காற்று. டயரின் பீட் (உள் வளையம்) உட்காரும் விளிம்பில் துரு பிடித்து, காரணமே தெரியாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். டயரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பைத் தேய்த்து பெயின்ட் அடிக்கச் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் வாயால் முடிவு செய்ய வேண்டியதில்லை. எனக்கு டயர் மாட்டியவர் செய்த சோதனை இது. சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்து ஃபெண்டரின் உள் பிளாஸ்டிக்கிலும் பம்பர் மூலையிலும் பூசினார். முன் இடது சக்கரத்தைப் பழைய டயர் அடுக்கின் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொன்னார். அப்புறம் அடுத்த பக்கம். இறக்கிப் பார்த்தால், வெள்ளை எங்கெங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் உரசும் இடம். "ரெண்டு இன்ச் போதும்ணே, அதுக்கு மேல போனா அங்க இங்கன்னு எல்லாத்தையும் மாத்தணும்" என்றார். பம்பர் உள் மூலையில் கொஞ்சம் பிளாஸ்டிக்கை வெட்டினோம், சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்டினோம்.

இரண்டு இன்ச்சுக்கே சில்லறை வேலைகள் வரிசையாக வந்தன. பாடி உயர்ந்ததும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடு ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் ஃபெண்டருக்குள்ளேயும் இன்னொன்று சற்று வெளியேயும் தெரிந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ராடு போட்ட பிறகுதான் சரியானது. அடுத்தது காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. லிஃப்டால் அது குறைந்துவிடும், திருப்பத்தில் ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நேராக வரச் சோம்பல்படும். எனக்கு எழுபதைத் தாண்டினால் முன்பக்கம் உதறவும் செய்தது. ஒரு அலைன்மென்ட் கடையில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்து, "எல்லாம் ஓகே" என்று பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இந்த வண்டியில் கம்பெனி அமைப்பில் டோ ஒன்றைத்தான் திருப்ப முடியும், அதனால் பேப்பர் ஓகே என்பதற்கு அர்த்தமே கிடையாது. காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் மாற்றி, நான்கு சக்கரத்தையும் மறுபடி பேலன்சிங் செய்த பிறகு உதறல் நின்றது. ஆகவே கிட் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள், ராடும் புஷ்ஷும் கூலியும் சேர்த்துக் கேளுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், எதிரே வருபவர் கண்ணும் கண்தானே.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்? இழுவை குறைந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. 1.5 லிட்டர் இன்ஜின், 134 என்.எம். டார்க், ஐந்தே கியர். விட்டம் ஆறு சதவீதம் கூடியதோடு ரிம்மும் டயரும் எடை கூடிவிட்டன. மேம்பாலம் ஏறும்போது முன்பு நாலில் போனது இப்போது மூன்றைக் கேட்கிறது. பிரேக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தக் கேட்கிறது. மீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட ஆறு சதவீதம் வேகமாகப் போகிறோம். வண்டி மீட்டர் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் இப்போது ஜிபிஎஸ்ஸோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. மைலேஜ் பார்க்கும்போதும் ஓடோமீட்டர் 100 என்றால் 106 என்று எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீணாக மனசு கஷ்டப்படும். அம்மாவுக்கு ஏறுவது சிரமமாகிவிட்டது. சைடு ஸ்டெப் வாங்கும் வரை கோயிலுக்கு ஆட்டோவில்தான் போனார்.

மழைத் தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் பாதிப் பேர் லிஃப்ட் கேட்பதே அதற்காகத்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் பாடி இரண்டு இன்ச் உயர்ந்ததால் டிஃபரன்ஷியல் உயர்ந்துவிடாது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சீல், பிரீதர் (ஆக்ஸில் மூச்சு விடும் குழாய்) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், எண்ணெய் பால் நிறத்துக்கு மாறும். பிரீதர் குழாயை மேலே இழுத்துக் கட்டியிருக்கிறேன், ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஆயிலைத் திறந்து பார்க்கிறேன். சப்வேயில் தேங்கின தண்ணீரில் மட்டும் இன்றுவரை இறங்கியதில்லை. உள்ளே ஆழம் எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

235 தன் விலையைக் காட்டுவது மணலில். காட்டுப்பள்ளி தாண்டி பழவேற்காடு பக்கம் மணல் ஏறிக் கிடக்கும் தடங்களில், காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் பரந்து படுத்துக்கொண்டு போகிறது. இதே இடத்தில் 215 ஒன்றிரண்டு முறை தோண்டிக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது தார் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன்பே காற்று அடித்துவிட வேண்டும், சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே கிடக்கிறது. கடற்கரையிலேயே வண்டியை இறக்கி ஓட்டாதீர்கள், ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வரும் கரை அது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜிம்னியின் இரண்டு வேரியன்ட்டுக்கும் ஒரே டயர் அளவு என்பதால், "மேல் வேரியன்ட் சைஸ்தான் போட்டேன்" என்ற பதிலும் இதில் செல்லாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டயர், லிஃப்ட் இரண்டையும் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வைத்திருக்கிறேன். அதை வைத்து ஆர்டிஓ பிரச்சினை தீர்ந்துவிடாது.

ஆல்-டெரெய்ன் சத்தம் ஐம்பதுக்கு மேல் லேசாகக் கேட்கும், பழகிவிடும். மட்-டெரெய்ன் (சேற்றுக்கான டயர்) பக்கம் போகாதீர்கள், ஈரமான கான்கிரீட் ரோட்டில் அதற்குப் பிடிப்பு குறைவு.

இப்போதைக்குத் தலைவலி ஸ்டெப்னிதான். 235 பின் கதவில் கம்பெனி டயரைவிடக் கனமாகத் தொங்குகிறது, குழியில் விழும்போதெல்லாம் கதவு கடகடக்கிறது. பூட்டும் இடத்தில் ரப்பர் வைத்துப் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. ஸ்டெப்னி பிராக்கெட்டுக்கு ஃப்ரேமிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அடுத்த சர்வீஸில் அந்த வேலை.