ஜே.பி. நகரா, கனகபுரா சாலையா, கோயம்புத்தூரா: அம்மாவுக்கு எது சரி?

அப்பா போன பிறகு ஒன்றரை வருடம் அம்மா கும்பகோணத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். 2021 கார்த்திகை மழையில் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பால் பாக்கெட் பத்து மணிவரை வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு மாமி உள்ளே போயிருக்கிறார். "இங்கேயே இருந்துக்கறேன்" என்ற பேச்சு அதோடு முடிந்தது. அண்ணன் டல்லாஸில், நான் பெங்களூரில்.

அதிலிருந்து இன்றுவரை மூன்று ஏற்பாடுகளைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். முதல் 14 மாதம் ஜே.பி. நகரில் எங்கள் ஃபிளாட்டில், ஆள் வைத்து. பிறகு பெங்களூரிலேயே கனகபுரா சாலையில் ஒரு முதியோர் குடியிருப்பு. அங்கே இது மூன்றாவது வருடம். மூன்றாவது, கோயம்புத்தூரில் சித்தியும் சித்தப்பாவும் 2018 முதல் இருக்கும் குடியிருப்பு. சித்தி மகனும் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறான், அதனால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றில் எது என்றுதான் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீச்சல் குளம், நூலகம், யோகா அறை என்று விளம்பரத்தில் வருவதை நான் ஒப்பிடப் போவதில்லை. பகல் எப்படிப் போகிறது, ராத்திரி ஏதாவது ஒன்று ஆனால் யார் வருகிறார்கள், நடை தளர்ந்த பிறகும் வைத்துக்கொள்வார்களா, காசுக்கு என்ன வழி, இவைதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தவை.

பகல்

வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் மேல் என்று நானும் நம்பினேன். ஆனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை வீட்டில் நாங்கள் யாருமே இல்லை. ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் 14 மாதத்தில் ஐந்து பேர். மூன்று பேருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. கடைசியாக வந்தது ஒடிசாவிலிருந்து, இருபது வயதுகூட நிரம்பியிராத பெண். நல்ல பெண். அம்மாவும் அவளும் நாள் முழுக்கச் சைகையில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா தினமும் காலையில் "இன்னிக்கு ஏதாவது பார்சல் வருமா?" என்று கேட்பாள். மருந்துக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதுதான் புரிந்தது. பார்சல் கொண்டுவரும் பையன்களில் ஒருவன் கிருஷ்ணகிரிக்காரன். அவன் வந்தால் தண்ணீர் கொடுத்து, அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஐந்து நிமிடம் தமிழ் பேசுவாள். அன்றைக்கு அவள் வெளி ஆளிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்குக் கூட்டிப்போனேன், லால்பாக் போனோம். மற்ற ஆறு நாளுக்கு என்னிடம் வழி இல்லை.

கனகபுரா சாலைக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆறு வாரம் பெட்டியைக் காலி செய்யாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். மேலாக இருந்த நாலு புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டினாள். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று சாப்பாட்டை ஒதுக்கினாள். கும்பகோணத்திலிருந்து போன் செய்த உறவுக்காரர் ஒருவர், "பெத்த பொண்ணு ஊர்லயே இருந்தும் ஹோம்ல விட்டுட்டாளே" என்று அம்மாவிடமே சொன்னார். அந்த வாரம் நான் அழாத நாள் இல்லை.

ஏழாவது வாரம் போனபோது பெட்டி அலமாரி மேல் ஏறியிருந்தது. ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மாமியும், மல்லேஸ்வரத்திலிருந்து வந்த அக்கா தங்கை இருவரும் சேர்ந்து சாயங்காலம் பல்லாங்குழி ஆடுகிறார்கள், அதில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் நிறைய. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அதனால் பெங்களூர்க் குடியிருப்புகளில் தமிழ் பேச ஆள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது குடியிருப்புக்குக் குடியிருப்பு மாறும். பார்க்கப் போகும்போது மேனேஜரைக் கேட்காதீர்கள். சாயங்காலம் நாலரை மணி காபி நேரத்துக்குப் போய் உட்கார்ந்து காதால் கேளுங்கள். "அஜ்ஜி, ஊட்ட ஆய்த்தா?" (பாட்டி, சாப்பாடு ஆச்சா?) என்று அன்பாகக் கேட்கும் பணிப்பெண்ணுக்கு அம்மா இப்போது கன்னடத்திலேயே "ஆய்த்து" என்கிறாள். ஆனால் வலி எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொல்ல அவளுக்குத் தமிழ்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் கோவைக்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது. சமையல்காரர், நர்ஸ், டாக்டர், காய்காரர் எல்லாரும் தமிழ். மார்கழியில் திருப்பாவை, பொங்கலுக்கு வாசலில் கோலப்போட்டி என்று சித்திக்கு எங்களோடு போன் பேசவே நேரம் இல்லை. கோவைக்கு இது புதிதும் இல்லை, 2000-களிலேயே இந்த வகைக் குடியிருப்புகள் அங்கே வந்துவிட்டன. பகலை மட்டும் வைத்து மார்க் போட்டால் கோவைக்குத்தான் முதல் இடம். எங்கள் வீட்டுக்குக் கடைசி இடம். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்று ராத்திரிகள்

ஜே.பி. நகரில் ஒரு ராத்திரி, நானும் கணவரும் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தோம். அம்மா பாத்ரூமில் விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அந்த ஒடிசாப் பெண் பயந்துபோய் எனக்கு போன் செய்து அழுகிறாள். நான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, அவர் ஆள் பிடித்து, கதவை உடைத்துத் திறக்க நாற்பது நிமிடம் ஆனது. நல்லவேளை, முழங்கை வீக்கத்தோடு போயிற்று. ஆனால் அந்த நாற்பது நிமிடம்தான் எங்கள் முடிவை மாற்றியது. வீட்டோடு வைத்திருப்பவர்கள் நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை பாத்ரூமுக்கு மாட்டுங்கள். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை நகர்த்தவே முடியாது.

கனகபுரா சாலையில் போன வருடம் ஒரு ராத்திரி இரண்டே முக்காலுக்கு அம்மாவுக்கு நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தது. கட்டில் ஓரத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்குள் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையெழுத்துக்கும் முன்பணத்துக்கும் குடும்பத்து ஆள் வேண்டும் என்றார்கள். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். வாயுக்கோளாறுதான் என்று காலையில் தெரிந்தது. அம்மா கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

கோவையில் நடந்தது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில். டைனிங் ஹாலில் சித்தப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணுவதைப் பரிமாறுகிற பெண் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறாள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சித்தப்பாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூடப் போனார். சித்தி மகன் பெங்களூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை. எங்கள் வீட்டில் இது நடந்திருந்தால், ஆள் வைத்திருந்தும், யாராவது நேரத்தில் கவனித்திருப்போமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் வந்த மூன்று மாதம்தான் கோவைக்குச் சோதனை. பிசியோதெரபி, மறுபடி டாக்டர், சித்தியின் பயம். சித்தி மகன் வெள்ளி ராத்திரி போய் ஞாயிறு ராத்திரி திரும்புவான். 2023 டிசம்பர் கடைசியில் கோவைக்கும் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கும் இடையே வந்தே பாரத் ஓட ஆரம்பித்தது. அதில் போனாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றே மாதத்தில் அவன் இளைத்துப்போனான். நான் ஜே.பி. நகரில் மெட்ரோ ஏறி சில்க் இன்ஸ்டிடியூட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால், அம்மாவைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நடை தளர்ந்த பிறகு

பலரும் கேட்க மறந்துபோவது இது. நானும் முதலில் கேட்கவில்லை. இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கானவை. குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் தேவைப்பட்டால் அசிஸ்டெட் லிவிங் என்ற தனிப் பிரிவு, அதற்குத் தனிக் கட்டணம். மறதி நோய் வந்தால் அதற்கு இன்னொரு பிரிவு, கட்டணமும் அதற்கு மேலே. எல்லா இடத்திலும் இந்த மூன்றும் இருக்காது.

என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அப்பாவுக்கு இது நடந்தது. பெயர் சொல்ல வேண்டாம், நகரத்தின் வேறொரு மூலையில் உள்ள குடியிருப்பு. இரண்டு வருடம் நன்றாக இருந்தார். அப்புறம் ராத்திரியில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். முப்பது நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. பெங்களூரின் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் காட்டி, மறதி நோய்க்கென்றே இருக்கும் ஒரு காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை அவள் சம்பளமில்லாத விடுப்பில் இருந்தாள். படுத்தால் வைத்துக்கொள்வீர்களா, எந்த நிலையில் போகச் சொல்வீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படுத்த படுக்கைதான், இனிக் கொஞ்ச காலம்தான் என்ற நிலையில், வீட்டில் பகலில் குடும்பத்து ஆள் ஒருவர் இருக்க முடியுமென்றால் வீட்டைவிட நல்ல இடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்போது தேவை கைப்பிடிக்கும் ஆள், பல்லாங்குழி இல்லை.

காசு

ஜே.பி. நகரில் ஏஜென்சிக்கு மாதம் 28,000, அந்தப் பெண்ணின் சாப்பாடு தனி. கனகபுரா சாலையில் வாடகை, சாப்பாடு, மெயின்டெனன்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 62,000. சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், எங்களுக்கு முதல் பில்லில்தான் தெரிந்தது. கோவையில் சித்தப்பா வீட்டை வாங்கியே விட்டதால் இரண்டு பேருக்கும் சேர்த்து 34,000-க்குள் முடிகிறது.

நாங்கள் வாங்கவில்லை. கும்பகோணத்து வீட்டை விற்ற பணத்தில் 30 லட்சத்தை அம்மா பெயரிலேயே தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். 2023 ஏப்ரலில்தான் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வருகிறது, மாதத்துக்கு 20,500. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் 22,000. மீதி 19,500-ஐ நானும் அண்ணனும் பகிர்ந்துகொள்கிறோம். "என் காசுல நான் இருக்கேன்" என்று அம்மா சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருக்கிறது. வீட்டை விற்றால் பணத்தைப் பெற்றவர்கள் பெயரிலேயே வையுங்கள். எழுதிக்கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அப்படி இருந்து பிள்ளைகள் கைவிட்டால், 2007-ம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது.

முதல் வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பதையே யாருக்கும் சொல்வேன். வாங்கினால், பிற்பாடு விற்கும்போது குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தாலும் மெயின்டெனன்ஸ் ஓடும்.

இருவரும் இருக்கிறார்கள், நன்றாக நடக்கிறார்கள், தமிழ்தான் வரும் என்றால் கோவை. அதுவும் சீக்கிரமே, புதிதாகச் சிநேகிதம் பிடிக்கத் தெம்பு இருக்கும்போதே. ஒருவர்தான் இருக்கிறார், பிள்ளை பெங்களூரில் என்றால் பெங்களூர், ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் போய்ச் சேரக்கூடிய பக்கத்தில். வடகோடியில் தேவனஹள்ளியில் நல்ல இடம் கிடைத்தது என்று தெற்கே ஜே.பி. நகரில் இருப்பவர் எடுத்தால், இந்த ஊர் டிராஃபிக்கில் அதுவும் ஒரு கோவைதான்.

அம்மாவுக்கு இப்போது 79. போன மாதம் ஐ.டி.ஐ. மாமி அசிஸ்டெட் பிரிவுக்கு மாறினார். அவரைப் பார்க்கப் போன அம்மா அந்த மாடி முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் நாரத்தங்காய் ஊறுகாயோடு போனபோது, பாட்டிலை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அங்க போற நாள் வந்தா, கிழக்குப் பக்கத்து ரூமா கேட்டு வைம்மா. மேற்குல வெயில் முகத்துல அடிக்கறது."