வைக்கிங்குகளின் பட்டறை: லான்ஸ் ஓ மெடோஸ் போய் வந்தேன்

“வெறும் புல் மேடு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் மச்சான்.

கேட்டதில் நியாயம் இருந்தது. டீர் லேக் விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுத்து, 430ஆம் நெடுஞ்சாலையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடக்கு முனைக்கு வந்திருந்தோம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து தங்கிய இடம் இது. எதிரே வயல் வரப்பு மாதிரி கொஞ்சம் புல் மேடுகள், நடக்க ஒரு பலகைப் பாதை, அதற்கப்பால் சாம்பல் நிறக் கடல். கோட்டை கொத்தளத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

நான் இருபது வருடமாகக் கார் பழுது பார்க்கிறவன். அதனாலோ என்னவோ, எனக்கு இந்த இடம் பிடித்துப்போனது. வைக்கிங் என்றால் தாடி, கோடரி, கொம்பு வைத்த தலைக்கவசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். (கொம்பு சுத்தப் பொய், அவர்கள் போட்டதே இல்லை. வழியில் ஒரு கடையில் பிளாஸ்டிக்கில் விற்றார்கள். மச்சான் ஒன்று வாங்கிக்கொண்டான்.)

வழிகாட்டி நடத்தும் சுற்றுக்குத் தவறாமல் போங்கள். தனியாக நடந்தால் மேடு மேடாகத்தான் தெரியும். எங்களை அழைத்துப்போன பார்க்ஸ் கனடா ஊழியர் சுற்றுவட்டாரத்துக்காரர். 1960இல் நார்வேயிலிருந்து ஹெல்கே இங்ஸ்டாட் என்ற ஆய்வுப் பயணி வந்து, பழைய இடிபாடு ஏதாவது உண்டா என்று ஊர் ஊராக விசாரித்தாராம். ஜார்ஜ் டெக்கர் என்ற உள்ளூர்க்காரர்தான் இந்த மேடுகளைக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டு முதல் 1968 வரை தோண்டியது ஹெல்கேவின் மனைவி, தொல்லியலாளர் அன்னா ஸ்டீன். எட்டுக் கட்டடங்களின் தடம் கிடைத்தது. பொக்கிஷம் எதுவும் இல்லை. மேலங்கியில் குத்தும் வளையத் தலை வெண்கல ஊசி ஒன்று, மாக்கல்லில் செய்த தக்கிளிக் குண்டு ஒன்று. நூல் நூற்பது பெண்கள் வேலை என்பதால், வந்த கூட்டத்தில் பெண்களும் இருந்திருக்கிறார்கள் என்று அந்தக் குண்டை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது ஓடைக்கு அக்கரையில் இருந்த ஒரு சின்னப் பள்ளம். உலை இருந்த இடம். இங்கே சதுப்பு நிலத்திலேயே இரும்புத் தாது படிந்து கிடக்கும். அதை எடுத்து வறுத்து, கரி போட்டு உருக்கியிருக்கிறார்கள். மொத்தமே மூன்று கிலோ இரும்புதான் தேறியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. தாதுவில் இருந்த இரும்பில் பெரும்பகுதி கசடோடு போய்விட்டது. என் பட்டறைப் பையன் இப்படி வேலை செய்தால் திட்டியிருப்பேன். ஆனால் இவர்களுக்குத் தேவைப்பட்டதே கப்பலுக்குக் கொஞ்சம் ஆணிதான்.

அந்த மாதிரி ஆணி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேடுகளுக்குப் பக்கத்தில் புல் கட்டிகளை அடுக்கி அதே மாதிரி வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே அந்தக் கால உடையில் கொல்லர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “நான் மெக்கானிக்” என்றதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். கப்பலில் ஒரு பலகையின் ஓரத்தில் அடுத்த பலகை ஏறி உட்காரும். இரண்டையும் சேர்த்து ஆணியை அடித்து, உள்பக்கம் சின்ன இரும்பு வாஷர் போட்டு, முனையைத் தட்டி மழுக்கிவிட வேண்டும். ரிவெட்தான், வேறென்ன! துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது அடிப்பார்கள். அப்படிக் கழற்றிப் போட்ட பழைய ரிவெட்டுகள் ஒரு வீட்டை ஒட்டிக் குவியலாகக் கிடைத்தனவாம். வீடு பெருக்கினால் கிடைக்கிற குப்பைதான், ஆனால் என்ன வேலை நடந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

சிவந்த எரிக் என்ற வைக்கிங் தலைவர் 985 வாக்கில் ஐஸ்லாந்திலிருந்து 25 கப்பல்களோடு கிளம்பி, கிரீன்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தவை 14தான் என்று பழங்கதைகள் சொல்கின்றன. மற்றவை மூழ்கின, அல்லது திரும்பிவிட்டன. அந்தக் கடலில் ஓடுகிறவர்களுக்கு வழியில் ஒரு பட்டறை வேண்டாமா? எரிக்கின் மகன் லெய்ஃப் வின்லாந்துக்கு (வட அமெரிக்காவின் இந்தப் பக்கத்துக் கரைக்குப் பழங்கதைகள் தரும் பெயர்) வந்து போன பிறகு, தம்பி தோர்வால்ட் வந்தார். புயலில் கரை தட்டி அவர் கப்பலின் அடிமரம் உடைந்தது. வெகு நாள் தங்கிப் புது அடிமரம் போட்டார்கள். உடைந்த பழையதை அந்த முனையிலேயே நட்டு வைத்து, அடிமர முனை என்ற பொருளில் கியாலர்னெஸ் என்று இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

வைக்கிங்குகள் இங்கே மரம் வெட்டியது 1021இல் என்கிறார்கள். அந்த வருடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அருமை. 993இல் விண்வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு உலகெங்கும் மரங்களின் வளையத்தில் தடம் விட்டிருக்கிறது. இங்கே இரும்புக் கருவியால் வெட்டிய கட்டைகளில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணியிருக்கிறார்கள். 28 வளையம், அவ்வளவுதான் கணக்கு.

சரி, போகிறவர்களுக்கு. ஜூலையிலும் காற்று எலும்பைத் துளைக்கும், குளிருக்கான சட்டை கட்டாயம். கோடையில்தான் திறந்திருக்கும், அக்டோபர் தொடக்கத்தோடு மூடிவிடுவார்கள். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம், மூஸ் மான் குறுக்கே நிற்கும். நாங்கள் தங்கிய விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஏழு மணிக்குச் சமையலறையையும் மூடிவிட்டார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் பக்கத்தில் நார்ஸ்டெட் என்ற மாதிரி வைக்கிங் கிராமத்துக்குப் போய், 1998இல் கிரீன்லாந்திலிருந்து இங்கே ஓட்டி வந்த ‘ஸ்னோரி’ என்ற மாதிரிக் கப்பலைப் பாருங்கள். பலகை மேல் பலகை ஏறுவதை அதில் தொட்டே பார்க்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, போகிற தூரத்துக்காக.

திரும்பும் வழியில் வாடகைக் காரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடி கழன்று தரையில் உரச ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, படுத்து, பாதியைக் கம்பியால் கட்டினேன். உடைந்த துண்டு கையோடு வந்துவிட்டது. மச்சான் அதை வாங்கி, சாலையோரப் பாறை மேல் நிமிர்த்தி வைத்து, கொம்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, “இந்த இடத்துக்கு என்ன பேர் வைக்கலாம்?” என்றான். படம் எடுத்துவிட்டுத் துண்டை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.