ஒரு வரி ரிப்போர்ட்டும் இரண்டு பக்க ரிப்போர்ட்டும்: நான் போன இரண்டு எண்டோஸ்கோபி சென்டர்கள்

இரண்டு இடத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இடத்தில் எனக்கு மனக்கசப்பு, இரண்டாவது இடத்தில் திருப்தி. ஆனால் உங்கள் ஊரில் நீங்கள் போகப் போவது மூன்றாவதாக ஓர் இடமாகத்தான் இருக்கும். அங்கே எதைப் பார்த்து நல்லது கெட்டது முடிவு செய்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நெஞ்செரிச்சல் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கொடுத்து வைத்தவர்கள்.

எனக்கு வயது 52. பத்துப் பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குள் எரிச்சல், புளிச்ச ஏப்பம், ராத்திரி பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் தொண்டை வரை எதுக்களித்து எழுந்து உட்காருவது. மெடிக்கலில் போய் "கேஸ் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டினேன். தொந்தி உண்டு, பத்து வருடம் முன்பு வரை சிகரெட்டும் உண்டு. போன வருடம் எரிச்சல் வாரத்தில் ஐந்து நாள் என்று ஆனபோது குடும்ப டாக்டரிடம் போனேன். அவர் முதலில் செய்தது ஈசிஜி. எரிகிறது என்றுதானே வந்தேன், இது எதற்கு என்று முணுமுணுத்தேன். "கேஸுன்னு நெனச்சு வீட்டுல சோடா குடிச்சிட்டு உக்காந்திருந்த ஹார்ட் அட்டாக் கேஸை நிறைய பார்த்துட்டேன் சார்" என்றார். நியாயம்தான். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்தார். ஐந்து வருடத்துக்கு மேல் எதுக்களிப்பு, ஆண், ஐம்பதைத் தாண்டிய வயது, வயிற்றுப் பருமன், புகைப் பழக்கம் என்று காரணங்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

முதல் சென்டர். பார்க்க நட்சத்திர ஹோட்டல் மாதிரி. ஏசி, காபி மெஷின், டோக்கன் நம்பர் ஓடும் டிவி எல்லாம் உண்டு. காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், குழாய் உள்ளே போனது பதினொன்றேகாலுக்கு. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கிடையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்து வேலையை ஆரம்பித்தார்கள். வலி இல்லை, ஓங்கரிப்புதான். சிஸ்டர் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, எச்சிலை முழுங்காதீங்க, வெளிய வழிய விடுங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சென்டரில் மனதார நன்றி சொல்ல ஆள் உண்டென்றால் அவர் மட்டும்தான். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி: உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புண், பேரட்ஸ் (உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகும் நிலை, பின்னால் விவரமாகச் சொல்கிறேன்) போலத் தெரிகிறது, சதைத் துணுக்கு இரண்டு எடுக்கப்பட்டது. எத்தனை சென்டிமீட்டர், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எதுவும் இல்லை. இருந்த இரண்டு படங்களில் ஒன்று மங்கல். ஒரு வாரம் கழித்து வந்த பயாப்ஸி (அந்தத் துணுக்குகளின் பரிசோதனை) முடிவில், செல்கள் உருமாறத் தொடங்கிவிட்டனவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்த நேரம் மூன்று நிமிடம். "இது கேன்சருக்கு முந்தின ஸ்டேஜ், எரிச்சு எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார். கவுன்சலர் லேசர் என்றார், பேக்கேஜ் என்றார், லட்சக் கணக்கில் ஒரு தொகை சொன்னார், இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கிறதா என்றார். அன்று நான் வண்டியை எப்படி ஓட்டி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. மனைவியிடம் மூன்று நாள் சொல்லவில்லை.

நான்காவது நாள் மச்சானிடம் உளறிவிட்டேன். அவன்தான் திட்டி, வேறு ஊரில் இருக்கிற இன்னொரு சென்டருக்குக் கூட்டிப் போனான்.

இரண்டாவது சென்டர் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. லிப்ட் அடிக்கடி நின்றுவிடும், பார்க்கிங் கிடையாது, வெயிட்டிங் ஹாலில் ஃபேன் ஒன்று கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே சுற்றும். அரை நட்சத்திரம் குறைக்கிறேன் என்றால் அதற்காகத்தான். ஆனால் டாக்டர் என்னோடு பேசியது 35 நிமிடம், நேரம் பார்த்தேன். முதலில் என் ரிப்போர்ட்டைப் படித்தார், அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு குழாயும் ஒரு பையும் வரைந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உணவுக்குழாயின் உள்தோல் நம் வாயின் உள்தோல் மாதிரி தட்டையான செல்களால் ஆனது, அமிலத்தைத் தாங்கப் படைக்கப்பட்டதல்ல. குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வால்வு தளர்ந்து, வருடக்கணக்கில் அமிலமும் பித்தமும் மேலே வந்து சுட்டுக்கொண்டே இருந்தால், சிலருக்கு அந்தத் தோல் மாறி, குடலில் இருப்பது போன்ற செல்கள் அந்த இடத்தில் முளைக்கின்றன. வெளிர் நிறத் தோலில் இளஞ்சிவப்பு நாக்குகள் மேலே ஏறுவது போலக் கேமராவில் தெரியும். அதுதான் பேரட்ஸ். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, ஒரு சென்டிமீட்டருக்காவது மேல் நீண்டிருக்க வேண்டும், பயாப்ஸியிலும் அந்தக் குடல் வகைச் செல்கள் இருக்க வேண்டும். இந்த மாறிய தோலில் டிஸ்பிளேசியா என்கிற ஒழுங்கற்ற செல்கள் வந்தால்தான் கவலை அடுத்த கட்டத்துக்குப் போகிறது. டிஸ்பிளேசியா இல்லாத பேரட்ஸில் ஓராண்டில் புற்றுநோய்க்குப் போவது ஆயிரம் பேரில் சுமார் ஒன்றிலிருந்து மூன்று பேர். உயர்நிலை டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் மிக மோசமாக மாறிய நிலை என்றால் அதே ஓராண்டில் நூற்றுக்கு ஆறேழு பேர். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். என்னிடம் யாரும் அந்தத் தூரத்தைச் சொல்லவே இல்லை, நேராக எரிக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

"உங்களுக்கு டிஸ்பிளேசியா இருக்குன்னு யாரும் சொல்லலை சார், சொல்ல முடியலைன்னுதான் எழுதியிருக்காங்க" என்றார். புண் இருக்கும்போது செல்கள் வீங்கி, கலைந்து, டிஸ்பிளேசியா மாதிரியே நடிக்குமாம். அதனால் முதலில் மருந்து கொடுத்துப் புண்ணை ஆற்றிவிட்டு, பிறகு திரும்பப் பார்த்து, ஒழுங்காகத் துணுக்குகள் எடுக்க வேண்டும். ஒரு வேளை டிஸ்பிளேசியா என்று வந்தாலும், இந்தத் துறையில் அனுபவம் உள்ள இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டும் (துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் டாக்டர்) அதே ஸ்லைடைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சிகிச்சை பற்றிப் பேசுவார்களாம். முதல் சென்டரில் இருந்து ஸ்லைடையும், துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கி வரச் சொன்னார். கேட்டால் கொடுப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததும் கொடுத்துவிட்டார்கள், கொஞ்சம் முகம் சுளித்தார்கள் அவ்வளவுதான்.

எரித்து எடுக்கும் சிகிச்சையை அவர் குறை சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். அது லேசர் அல்ல, ரேடியோ அலை வெப்பம். 2009ல் அமெரிக்காவில் 127 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டில் உயர்நிலை டிஸ்பிளேசியா முழுமையாக மறைந்தது சிகிச்சை பெற்றவர்களில் 81 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு. தேவைப்படுகிறவருக்கு அது உயிர் காக்கும். முன்பெல்லாம் இந்த நிலைக்கு உணவுக்குழாயையே வெட்டி எடுத்தார்களாம். தடிப்பாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் இருந்தால் அதை முதலில் எண்டோஸ்கோபி வழியாகவே செதுக்கி எடுத்துப் பரிசோதிப்பார்கள். எனக்கு அதில் எதுவுமே தேவை என்று நிரூபிக்கப்படவில்லை.

இனி மாத்திரை விஷயம். நான் பல வருடமாகப் பான்டோப்ரசோல் என்கிற அமிலம் குறைக்கும் மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன, சாப்பிடும்போதுதான் அவை பெருவாரியாக வேலை செய்கின்றன, ஓடுகிற பம்பைத்தான் இந்த மாத்திரை அடைக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் பம்பு ஓடத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் இருக்கும். அதே மாத்திரை, அதே கம்பெனி, நேரத்தை மட்டும் மாற்றி, தற்காலிகமாகக் காலை மாலை இரண்டு வேளை ஆக்கினார். பத்து நாளில் ராத்திரி எழுந்து உட்காருவது நின்றது. இதைச் சொல்ல எந்த மெடிக்கல் கடைக்காரருக்கும் அரை நிமிடம் ஆகாது, இத்தனை வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கூடவே சொன்னது: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி, இடது பக்கம் படுப்பது, எடையைக் குறைப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது. இரண்டு தலையணை வைத்தால் போதாதா என்று கேட்டேன், அது கழுத்தை மடக்கி வயிற்றை இன்னும் அமுக்கும் என்றார். ஆன்லைனில் சரிவுத் தலையணை ஒன்று வாங்கினேன், ஒரு மாதத்தில் பஞ்சு அமுங்கித் தோசை மாதிரி ஆகிவிட்டது, காசு தண்டம். கடைசியில் கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தேன், அதுதான் வேலை செய்கிறது. மனைவிதான் தூக்கத்தில் கீழே சறுக்குகிறது என்று புகார்.

பத்து வாரம் கழித்து இரண்டாவது எண்டோஸ்கோபி. இந்த முறை லேசாக மயக்க ஊசி போட்டார்கள், அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் வரக்கூடாது, அன்று வண்டி ஓட்டக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உள்ளே கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆனதாக மச்சான் சொன்னான். எழுந்ததும் கையில் கொடுத்தது இரண்டு பக்கம், ஒன்பது படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பல்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்ற அளவு. அதில் 'சி0 எம்2' என்று எழுதியிருந்தது. பிராக் அளவுகோல் என்று இதற்குப் பெயர். முதல் எண், மாறிய தோல் குழாயைச் சுற்றி முழு வளையமாக எத்தனை சென்டிமீட்டர் என்பது. இரண்டாவது, நாக்கு மாதிரி நீண்ட இடம் அதிகபட்சம் எத்தனை சென்டிமீட்டர் என்பது. எனக்கு வளையம் இல்லை, நாக்கு மட்டும் இரண்டு. துணுக்குகள் எட்டு, எது எந்த உயரத்தில் எடுத்தது என்று தனித்தனிப் புட்டியில் போட்டு எழுதியிருந்தார்கள். பயாப்ஸி முடிவு: குடல் வகைச் செல்கள் உண்டு, டிஸ்பிளேசியா இல்லை. பழைய ஸ்லைடைப் பார்த்த பேத்தாலஜிஸ்ட்டும் அது புண்ணால் வந்த மாற்றமே என்று எழுதினார்.

ஆக பேரட்ஸ் இருக்கிறது, அது பொய்யில்லை. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவு என்பதால் அடுத்த எண்டோஸ்கோபி ஐந்து வருடம் கழித்து என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை தினம் ஒன்று, தொடர்ந்து. வருடக்கணக்கில் போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம் என்று கேள்விப்பட்டுக் கேட்டேன். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பயத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஐந்து வருடம் எல்லாம் காத்திருக்காமல் மறுநாளே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இந்தப் பேரட் யார் என்று தேடினேன். நார்மன் பேரட், ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த அறுவை மருத்துவர். 1950ல் இதைப் பற்றி எழுதும்போது, இது உணவுக்குழாயே இல்லை, மார்புக்குள் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்று எழுதியிருக்கிறார். 1953ல் வேறு இரண்டு பேர், இது உணவுக்குழாய்தான், தோல்தான் வேறு என்று காட்ட, 1957ல் அவரும் ஒப்புக்கொண்டார். நோய்க்குப் பெயர் கொடுத்த மனிதருக்கே இரண்டாவது முறை பார்க்க வேண்டியிருந்தது என்று படித்தபோது, முதல் சென்டர் டாக்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. கொஞ்சம்தான். பேரட் யாரிடமும் பேக்கேஜ் விலை சொன்னதாகத் தெரியவில்லை.

செலவு: முதல் சென்டரில் எண்டோஸ்கோபி, பயாப்ஸி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். இரண்டாவதில் மயக்க ஊசி, எட்டுத் துணுக்கு, பழைய ஸ்லைடைத் திரும்பப் பார்த்தது உட்பட 11,400. அதிகம்தான். என் மார்க், முதலாவதுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதில் ஒன்று அந்த சிஸ்டருக்கு. இரண்டாவதுக்கு நாலரை. இந்த இரண்டாவது சென்டரில் வியாழக்கிழமை வெளியூர் கூட்டம். கீழே டீக்கடையில் தம்பி டோக்கனுக்கு இடம் பிடித்து வைப்பான், பத்து ரூபாய் கேட்பான். எண்டோஸ்கோபிக்கு என்றால் அவனிடம் டீ மட்டும் வாங்கிவிடாதீர்கள், நான் வாங்கிக் குடித்து அன்று திரும்பி வந்தேன்.